ஒரே கல்லா, இரண்டு கணக்குப் புத்தகம்!

அமெரிக்காவின் தென்பகுதியில் ஆர்கன்சா என்றொரு மாநிலம். 2023 மார்ச் மாதம் அங்கே ஒரு சிறு சட்டம் நிறைவேறியது. உலகச் செய்திகளில் அது பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் சட்டங்கள் எங்கே பிறக்கின்றன, யார் வயிற்றில் வளர்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பும் ஒவ்வொரு இளைஞனும் படிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

அதுவரை அந்த மாநிலத்தில் 16 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்க வேண்டுமானால், தொழிலாளர் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிள்ளையின் வயதுக்கு ஆதாரம், என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பெற்றோரின் சம்மதக் கையெழுத்து ஆகிய அனைத்தும் கொடுத்தால்தான் சீட்டு கிடைக்கும். புதிய சட்டம் அந்தச் சீட்டையே ஒழித்துவிட்டது. ஆளுநர் சாரா ஹக்கபீ சாண்டர்ஸ் கையெழுத்திட்டார். கதை முடிந்தது.

இதைக் கேட்டது யார்? பிள்ளைகள் கேட்டார்களா? தாய்மார்கள் தெருவில் இறங்கி, "எங்கள் கையெழுத்து வேண்டாம்" என்று கோஷமிட்டார்களா? இல்லை. மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரே சட்டமன்றக் குழுவில் உண்மையைச் சொல்லிவிட்டார். இந்த மசோதா ஓர் அறக்கட்டளையிடமிருந்து தமக்கு வந்தது என்றார். அந்த அறக்கட்டளையின் அலுவலகமோ ஆர்கன்சாவில் இல்லை. பல நூறு மைல்களுக்கு அப்பால், ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரத்தில் இருக்கிறது!

யார் இவர்கள்?

அதன் பெயர் ஃபவுண்டேஷன் ஃபார் கவர்ன்மென்ட் அக்கவுண்டபிலிட்டி. "அரசைப் பொறுப்புடன் நடக்க வைக்கும் அறக்கட்டளை" என்று நாம் பொருள் கொள்ளலாம். 2011-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் டாரன் பிராக்டன். முன்பு மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். பழமைவாதக் கொள்கைகளை ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டமாக்குவதே இவர்களுடைய வேலை. ஏழைகளுக்கான உணவு உதவியையும் மருத்துவ உதவியையும் குறைப்பது, அவற்றுக்கு நிபந்தனை விதிப்பது, வேலைக்கு வைப்பவர் மீதுள்ள கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது ஆகியவை இவர்களின் முக்கியக் கோரிக்கைகள்.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும் கொடையாளர்களில் ஒருவர் ரிச்சர்ட் யுலைன். அட்டைப்பெட்டியும் பொட்டலப் பொருட்களும் விற்கும் யுலைன் நிறுவனத்தின் அதிபர். அவருடைய குடும்ப அறக்கட்டளை மில்லியன் கணக்கான டாலர்களை இவர்களுக்கு வழங்கியிருக்கிறது.

பணக்காரர் ஒருவர் தம் கருத்தைப் பரப்பப் பணம் கொடுப்பது குற்றமா? குற்றமில்லை. அதை நாம் குற்றம் என்று சொல்லவும் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் பணம் எந்த வாசல் வழியாகப் போய், எந்த வாசல் வழியாகச் சட்டமாக வெளியே வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டு புத்தகம்

வியாபாரிகளுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே கடை, ஒரே கல்லா. ஆனால் கணக்குப் புத்தகம் மட்டும் இரண்டு!

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 501(சி)(3) என்று ஒரு பிரிவு உண்டு. அறப்பணி, கல்வி, ஆராய்ச்சி செய்யும் அமைப்புகள் இதன்கீழ் வரும். கொடுப்பவருக்கு வரிச் சலுகை உண்டு. ஆனால் ஒரு கட்டுப்பாடும் உண்டு. சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து, "இந்த மசோதாவுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று ஆதரவு திரட்டும் வேலையை ஓர் அளவுக்கு மேல் செய்யக் கூடாது. இந்த வேலையைத்தான் அங்கே லாபி என்கிறார்கள். அடுத்தது 501(சி)(4). இதற்குக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை இல்லை. ஆனால் லாபி செய்வதற்கு வரம்பும் இல்லை.

ஆகவே என்ன செய்கிறார்கள்? இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். நேப்பிள்ஸ் அறக்கட்டளை முதல் பிரிவில் இருக்கிறது. அதன் லாபிப் பிரிவுக்கு ஆப்பர்சூனிட்டி சொல்யூஷன்ஸ் ப்ராஜெக்ட் என்று பெயர். வாய்ப்புக்குத் தீர்வு காணும் திட்டமாம்! அது இரண்டாவது பிரிவில் இருக்கிறது. அறக்கட்டளை ஆய்வறிக்கை வெளியிடும், கருத்துக்கணிப்பு நடத்தும், மாதிரி மசோதா தயாரிக்கும். லாபிப் பிரிவு அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டமன்றக் கதவைத் தட்டும். ஒரு கை எழுதுகிறது, மறு கை கொண்டுபோய்க் கொடுக்கிறது. இரண்டு கைகளும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன.

2016 முதல் இந்த லாபிப் பிரிவு 22 மாநிலங்களில் 115 லாபிக்காரர்களை அமர்த்தியிருக்கிறது என்று ஓபன் சீக்ரெட்ஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு திரட்டிய விவரத்தை, 2023 ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்டது. இந்த இரு பிரிவுகளுமே கொடையாளர்களின் பெயர்ப் பட்டியலைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதெல்லாம் சட்டவிரோதமா? அறவே இல்லை. இடதுசாரி அமைப்புகளும் இதே இரட்டை ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. சட்டம் அனுமதிப்பதைத்தான் செய்கிறார்கள். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. திருடனைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. சட்டப்படி நடப்பதைக் கண்டுகொள்ள மக்களின் விழிப்பைத் தவிர வேறு காவல் இல்லை.

உறுப்பினர் ஏன் வாங்கிக்கொள்கிறார்?

மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர் வெளியூர்க்காரர் எழுதிக் கொடுத்த மசோதாவை ஏன் தம்முடையதாக எடுத்துக்கொள்கிறார்? எல்லாரும் விலைபோனவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. காரணம் அதைவிடச் சாதாரணமானது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர் பதவி முழுநேர வேலை அல்ல. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உறுப்பினரின் சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். டெக்சாஸில் 7,200 டாலர். உறுப்பினர் வேறு தொழில் பார்த்துத்தான் பிழைக்கிறார். ஆராய்ச்சி செய்து கொடுக்க ஆள் இல்லை. கூட்டத்தொடர் சில மாதங்கள்தான். அந்த நேரத்தில் ஒருவர் வருகிறார். கையில் தயாராக மசோதா, அதற்கு ஆதாரமாக அறிக்கை, எதிர்க்கேள்விக்குப் பதில், குழுவில் வந்து பேச ஆள்! உறுப்பினர் செய்ய வேண்டியது பெயர் போடுவது மட்டும்.

நம் இளைஞர்கள் இங்கேதான் யோசிக்க வேண்டும். ஊர்வலம், மேடை, கொடி, ஒலிபெருக்கி இருந்தால்தான் அரசியல் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்குக் கொடி இல்லை, கோஷம் இல்லை, தொண்டர் படையும் இல்லை. படித்தவர்கள் சிலர், காகிதம், பொறுமை, பணம். ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன வாக்காளனின் நாற்காலியில் இவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சீட்டு போனால் என்ன போகும்?

"ஒரு காகிதம்தானே போனது? பிள்ளைகள் தொழில் பழகுவது நல்லதுதானே? நம் கடைகளில் மகன் தந்தைக்கு உதவுவதில்லையா?" என்று வியாபாரப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

பதில் அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. 1938-ல் வந்த அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம், பெற்றோரின் சொந்தத் தொழிலில் பிள்ளை வேலை செய்வதை அனுமதிக்கிறது. ஆலை, சுரங்கம், ஆபத்தான வேலைகளுக்கு மட்டும்தான் விலக்கு இல்லை. ஆக, தந்தையின் கடையில் நிற்கும் மகனைப் பற்றிய பிரச்சினை அல்ல இது. முன்பின் தெரியாத முதலாளியிடம் நிற்கும் ஏழைப் பிள்ளையின் பிரச்சினை.

2023 பிப்ரவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பேக்கர்ஸ் சானிட்டேஷன் என்ற நிறுவனம், 8 மாநிலங்களில் 13 இறைச்சி ஆலைகளைச் சுத்தம் செய்யும் பணியில், 13 முதல் 17 வயது வரையிலான 102 பிள்ளைகளை அமர்த்தியிருந்தது. இரவு முழுவதும் வேலை. கடுமையான ரசாயனம் தெளித்து, எலும்பு அறுக்கும் ரம்பங்களைக் கழுவும் வேலை! ஆர்கன்சாவும் அந்த 8 மாநிலங்களில் ஒன்று. நிறுவனம் சுமார் 15 லட்சம் டாலர் தண்டம் கட்டியது. இது நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆர்கன்சாவில் அனுமதிச் சீட்டு ஒழிக்கப்பட்டது!

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆலை வேலை அன்றும் சட்டவிரோதம், இன்றும் சட்டவிரோதம். புதிய சட்டம் அதை அனுமதிக்கவில்லை. பின்னர் அதே ஆண்டில் ஆர்கன்சா அரசு, பிள்ளைகளை முறைகேடாக வேலை வாங்குவோருக்குத் தண்டனையைக் கூட்டவும் செய்தது. ஆனால் தண்டனை என்பது பிள்ளையின் கை போன பிறகு வருவது. சீட்டு என்பது பிள்ளை வாசலுக்குள் நுழையும் முன்பே "உன் வயது என்ன?" என்று கேட்பது. பெற்றோர் உரிமையைக் காக்கிறோம் என்று சொல்லி இதை நீக்கினார்கள். நீக்கப்பட்ட அந்தக் காகிதத்தில்தானே பெற்றோரின் கையெழுத்து இருந்தது!

ஆர்கன்சாவோடு இது நிற்கவில்லை. அயோவா மாநிலத்திலும் இதே லாபிப் பிரிவு ஆதரவு திரட்டியது. 2023 மே மாதம் அங்கே நிறைவேறிய சட்டம், 14, 15 வயதுப் பிள்ளைகள் பள்ளி நாட்களில் இரவு 9 மணி வரை வேலை செய்யலாம் என்றது. மத்திய சட்டமோ 7 மணி என்கிறது. இது முரண்பாடு என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையே சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று.

மருந்துக்கும் மணிக்கணக்கு

பிள்ளைகளுக்குக் காகிதம் வேண்டாம் என்றவர்கள், நோயாளிகளிடம் மட்டும் காகிதம் கேட்கிறார்கள்! மெடிக்கெய்ட் என்பது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. வேலை பார்த்ததற்கு மாதாமாதம் கணக்குக் காட்டினால்தான் காப்பீடு என்ற நிபந்தனையை இந்த அறக்கட்டளை நெடுநாளாக வலியுறுத்தி வந்தது. 2018-ல் அதே ஆர்கன்சா அதை நடைமுறைப்படுத்தியது. சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதைத் தடுத்தது. வேலை பார்ப்போர் எண்ணிக்கையாவது கூடியதா? கூடியதாகத் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பலர் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கணக்குக் காட்டத்தான் தெரியவில்லை.

அத்தோடு விட்டார்களா? 2025 ஜூலை 4-ல் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், மாதம் 80 மணி நேர வேலை அல்லது அதற்கு ஈடான பணி என்ற நிபந்தனையை நாடு முழுவதற்கும் விரித்துவிட்டது. ஒரு மாநிலத்தில் தோற்றது, ஏழாண்டுக்குள் தேசத்தின் சட்டமானது. அவர்களுடைய கொள்கையை நாம் ஏற்கவில்லை. ஆனால் சோர்வடையாத அந்த உழைப்பைப் பார்த்து வெட்கப்பட வேண்டியவர்கள், ஒரு தோல்வியில் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்.

மக்கள் விழித்தபோது

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மக்களே கையெழுத்துத் திரட்டி, நேரடி ஓட்டெடுப்பு மூலம் சட்டம் கொண்டுவர முடியும். மாநில ஆட்சியாளர்கள் மறுத்த மருத்துவக் காப்பீட்டை, மெய்ன், மிசௌரி, ஓக்லஹோமா உள்ளிட்ட மாநில மக்கள் இப்படித்தான் பெற்றார்கள்.

உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? ஓட்டெடுப்பில் வெல்வதையே கடினமாக்கப் பார்த்தார்கள். ஒஹையோவில் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தப் பாதிக்கு மேல் ஓட்டு போதும் என்பதை, 60 சதவீதம் என்று உயர்த்தும் திட்டம் வந்தது. அதற்கு ஆதரவாகச் சட்டமன்றக் குழுவில் பேசியவர்களில் இந்த லாபிப் பிரிவும் உண்டு. யுலைனின் பணமும் அந்தப் பிரச்சாரத்தில் இறங்கியது. ஓட்டெடுப்பை ஆகஸ்ட் மாதத்தில் வைத்தார்கள். கோடை விடுமுறையில் யார் வரப் போகிறார்கள் என்ற கணக்கு!

மக்கள் வந்தார்கள். 2023 ஆகஸ்ட் 8 அன்று சுமார் 57 சதவீதம் பேர் அந்தத் திட்டத்தை நிராகரித்தார்கள்.

காரணம் எளிது. குழு அறையில் நடந்தது தெருவுக்கு வந்துவிட்டது. யார் எழுதினார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யாருடைய உரிமை போகிறது என்று செய்தியாளர்களும் தொழிற்சங்கங்களும் ஊர் ஊராகச் சொன்னார்கள். லாபிக்காரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், குழுவில் பேசுவோர் எந்த அமைப்பு என்று சொல்ல வேண்டும் என்ற விதிகள் அங்கே இருப்பதால்தான் அதைச் சொல்ல முடிந்தது. பேர்பெற்ற பேச்சாளர்கள் செய்யாததை ஒரு பதிவேடு செய்தது.

சகோதரர்களே! ஒரு மசோதா வந்தால், அதற்கு ஓட்டுப் போட்டவர் யார் என்று மட்டும் பார்த்து நின்றுவிடுகிறோம். எழுதியவர் யார், அனுப்பியவர் யார், எந்தப் புத்தகத்தில் கணக்கு எழுதப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். அறிக்கையைப் படிக்கவும், அதன் கடைசிப் பக்கத்தில் பணம் கொடுத்தவர் பெயரைத் தேடவும் தெரிந்த பத்து இளைஞர்கள், கோஷம் மட்டும் போடத் தெரிந்த பத்தாயிரம் பேரைவிடப் பயனுள்ளவர்கள்.

இரவு ஷிப்டில் ரம்பம் கழுவிய பிள்ளைக்காகப் பேச 115 பேரை யாரும் அமர்த்தவில்லை. அந்தப் பிள்ளைக்கு லாபி செய்ய வேண்டியவர்கள், கண் திறந்திருக்கும் குடிமக்கள்தான்.