விருந்தாளி யார், வந்தேறி யார்?

இலங்கையில் வந்து குடியிருப்பது எப்படி எண்டு சொல்லித்தரும் வீடியோக்கள் இப்போது யூடியூப்பில் நிறைய. செய்கிறவர்கள் பெரும்பாலும் மேற்கு நாட்டு ஆக்கள். பனியில்லை, வருசம் முழுக்க வெயில், கடலுக்குப் பக்கத்தில் வீடு, அவர்களுடைய ஊரோடு பார்த்தால் வாடகை மலிவு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வெலிகம, அஹங்கம பக்கம். பிறகு அலை மாற, அறுகம்பைக்கு மூட்டை கட்டுவார்கள். இதைப் பார்த்து எங்களுக்குக் கோபமில்லை. நல்லா வாழக்கூடிய இடத்தைத் தேடிப் போவது மனுசருடைய இயல்பு. எங்கட கேள்வி வேறு: இதே தீவுக்கு இன்னொருவர் வந்து இறங்கினால் என்ன நடக்கிறது?

காசோடு வருகிறவருக்கு வழி இருக்கிறது. 55 வயதைத் தாண்டியவர் 15,000 டொலர் வைப்பிலிட்டு, மாதாமாதம் 1,500 டொலர் கொண்டுவருவதாகக் காட்டினால் இங்கே தங்கலாம் எண்டு அரசாங்கமே ஒரு விசாத் திட்டம் வைத்திருந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் காணியை உறுதி எழுதி வாங்க முடியாது. ஆனால் 99 வருசம் வரைக்கும் குத்தகைக்கு எடுக்கலாம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது இங்கே நின்ற ரஷ்யர்களுக்கும் உக்ரைனியர்களுக்கும் விசா நீட்டிக் கொடுக்கப்பட்டது. அது சரியான வேலை. போர் நடக்கிற இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் 'வெள்ளையர்களுக்கு மட்டும்' எண்டு ஒரு பார்ட்டிக்கு விளம்பரம் வந்தபோது நாடே கொதித்தது. அந்தக் கோபமும் நியாயம்தான்.

அதே வருசம் டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு வந்தது. மியன்மாரில் நாடற்றவர்களாக்கப்பட்ட ரோஹிங்கியா மக்கள், குழந்தைகளும் பெண்களுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள். அவர்களைக் கண்டு முதலில் உதவினது எங்கட மீனவர்கள். அரசாங்கம் செய்தது, திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் அடைத்தது. போரிலிருந்து தப்பி வந்தவர்கள் இவர்களும்தான். ஆனால் இவர்களுக்கு விசா நீட்டிப்பு இல்லை, முட்கம்பி வேலிதான்.

இது புதுசில்லை. பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் உயிருக்குப் பயந்து வந்து நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்தவர்களை, 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு வீடுகளிலிருந்து துரத்தினார்கள். குண்டு வைத்தவர்களுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் வாரக்கணக்கில் கிடந்தார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை இன்னும் கையெழுத்திடவில்லை. இங்கே வரும் அகதி சட்டப்படி வேலை செய்ய முடியாது. மூன்றாவது நாடு ஒன்று கூப்பிடும் வரைக்கும், வருசக்கணக்கானாலும், காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தத் தீவில் 'வெளியாள்' என்ற முத்திரை என்ன செய்யும் எண்டு மலையக மக்களைக் கேட்டால் தெரியும். கோப்பித் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது கூட்டிவந்தார்கள். 1948இல், தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா எண்டு கேட்டு நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு எண்டு கணக்குப் பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைக்கு 2003 வரைக்கும் சட்டம் தேவைப்பட்டது. வன்முறைக்குத் தப்பி வன்னிக்கு வந்து குடியேறிய மலையக மக்களைத் 'தோட்டக்காட்டான்' எண்டு கூப்பிட்டது சிங்களவர் இல்லை, எங்கட ஆக்கள்தான். அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

'நாட்டுக்கே காசில்லை, இதுக்குள்ள அகதியளோ' எண்டு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்ய விடாமல் அடைத்துவைத்தால்தான் ஒருவர் சுமையாவார். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்தார்கள். அங்கேயும் காப்பாற்றியது மீனவர்கள். கனடாவிலும் எதிர்ப்பு இல்லாமலில்லை. ஆனாலும் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தார்கள். இண்டைக்கு எங்கட ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் கனடாவிலிருந்து காசு வருகிறதே, அப்படிக் கதவு திறந்த நாடுகளால்தான். அந்தக் காசை வாங்கிக்கொண்டு, எங்கட கரைக்கு வந்த படகைப் பார்த்து நாங்கள் வேறு கதை கதைக்க ஏலாது.

வெள்ளைக்காரரைத் துரத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும் என்கிறோம். அகதிகளுக்கென்று ஒரு சட்டம் வேண்டும். வழக்கு முடியும் வரைக்கும் வேலை செய்யும் உரிமை, பிள்ளைகளுக்கு அரச பள்ளிக்கூடத்தில் இடம், படகில் வந்தவரை முகாமில் அடைக்காமல் இருப்பது: இவ்வளவையும் அதில் எழுத வேண்டும். இதை முதலில் கேட்க வேண்டியவர்கள் தமிழ்பேசும் மக்களுடைய பாராளுமன்ற உறுப்பினர்கள். அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வரும்போது, இதைப் பற்றி என்ன பேசினீர்கள் எண்டு நாங்கள் அவர்களைக் கேட்போம்.