கல்விப் பக்கம்: பாடத்துக்குப் பாடம் படிப்பு வேறு

இங்கிலாந்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சை மே, ஜூன் மாதங்களில் நடைபெறும். ஊரில் சாதாரண தரம் எடுத்த நாங்கள் புத்தகத்தைப் பாடமாக்கிப் படித்தவர்கள். இங்கே அது சில பாடங்களுக்குக் கைகொடுக்கும், சிலவற்றுக்குக் கொடுக்காது.

கணிதத்தை வாசித்துப் படிக்க முடியாது. பேனை பிடித்துச் செய்தே பழகவேண்டும். மூன்று வினாத்தாள்களில் ஒன்றுக்குக் கணிப்பான் கூடாது. எனவே எங்கள் வாய்ப்பாட்டுப் பழக்கத்தைக் கைவிடவேண்டாம். இறுதி விடை பிழைத்தாலும், காட்டிய செய்முறைக்குப் புள்ளி கிடைக்கக்கூடும். படிகளை ஒளிக்காமல் எழுதப் பழக்குங்கள்.

விஞ்ஞானத்துக்குப் புத்தகத்தை மூடிவைத்துப் படிப்பதே நல்லது. ஒளித்தொகுப்பு என்றால் என்னவென்று பிள்ளை உங்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தட்டும். தடுமாறும் இடமே மீண்டும் படிக்கவேண்டிய இடம். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கட்டும். இதற்குப் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியவேண்டியதில்லை. கேட்கும் பொறுமை இருந்தாற் போதும்.

ஆங்கில மொழிப் பரீட்சையில் முன்பின் பார்த்திராத பந்திகள் வரும். பாடமாக்க அங்கே ஒன்றுமில்லை. நாளாந்த வாசிப்பும், நேரம் பார்த்து எழுதும் பயிற்சியுமே வழி. ஆங்கில இலக்கியமோ வேறு. பரீட்சை மண்டபத்துக்கு நூலைக் கொண்டுபோக முடியாது. ஆகவே சிறு மேற்கோள்களை மனனம் செய்யத்தான் வேண்டும். வரலாற்றில் ஆண்டு மட்டும் போதாது. ஏன் நடந்தது, அதனால் என்ன விளைந்தது என்றும் எழுதவேண்டும். "டிஸ்கிரைப்" என்றால் விவரி. "எக்ஸ்பிளெயின்" என்றால் காரணம் சொல். இந்த வேறுபாடு தெரியாமல் புள்ளியை இழக்கும் பிள்ளைகள் உண்டு.

கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டங்களையும் பரீட்சைச் சபைகளின் இணையத்தளங்களில் இலவசமாகப் பெறலாம். ஏ.கியூ.ஏ., எடெக்செல், ஓ.சீ.ஆர். எனச் சபைகள் பல. ஒரே பாடசாலையில் பாடத்துக்குப் பாடம் சபை மாறலாம். எது எந்தச் சபை என்று ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றையும் அவசியம் கேளுங்கள். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் "பவுண்டேசன்", "ஹையர்" என்று இரு மட்டங்கள் உண்டு. சித்திகள் 9 முதல் 1 வரை. 9 தான் உயர்ந்தது. பவுண்டேசன் எழுதும் பிள்ளை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 5க்கு மேல் எடுக்க முடியாது. புதிதாக வந்த பிள்ளையின் ஆங்கிலக் குறைவு, கணிதக் குறைவாக எண்ணப்படக்கூடாது. பெற்றோர் சந்திப்பில், "என் பிள்ளை எந்த மட்டம்? ஏன்? மாற்ற இடமுண்டா?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். உயர்வகுப்பில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு இது எதிர்காலத்தையே தீர்மானிக்கும் கேள்வி.

கணிதத்திலோ ஆங்கிலத்திலோ 4 கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடாது. பதினாறு வயதுக்குப் பின்னும் அவற்றைத் தொடர்ந்து படிக்கவேண்டும். நவம்பரில் மீண்டும் எழுதவும் வாய்ப்புண்டு. பிள்ளையை ஏசாமல், அடுத்த படிக்குத் துணை நிற்போம்.