'தக்' என்ற சொல்லும் காளியம்மனும்

நண்பர்களுக்குள் யாராவது சுடச்சுட ஒரு பதிலடி கொடுத்துவிட்டால் போதும், "தக் லைஃப்!" என்று பக்கத்தில் இருப்பவர் கத்துவார். காணொளி என்றால் கறுப்புக் கண்ணாடியும் ராப் இசையும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்க ராப் பாடகர் டூபாக் அந்த இரண்டு சொற்களையும் வயிற்றில் பச்சை குத்தியிருந்தார். 2025ல் வந்த மணிரத்னம், கமல்ஹாசன் படத்துக்கும் அதுதான் பெயர். பலரும் அதை ஆங்கிலச் சொல் என்றே நினைக்கிறோம். ஆனால், ஆங்கிலத்துக்கு அது போனதே இந்தியாவிலிருந்துதான்.

சமஸ்கிருதத்தில் 'ஸ்தக' என்றால் வஞ்சகன். இந்தியில் அது 'டக்' ஆனது. பொருள் ஏமாற்றுக்காரன், அவ்வளவுதான். இன்றைக்கும் இணைய மோசடியை இந்திச் செய்தித்தாள்கள் 'சைபர் டகி' என்றே எழுதுகின்றன.

அப்படியென்றால் கொலையும் காளியும் இந்தச் சொல்லில் எப்படி ஒட்டிக்கொண்டன?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட, மத்திய இந்தியச் சாலைகளில் சில கொள்ளைக் கூட்டங்கள் இருந்தன. வியாபாரி போலவோ சிப்பாய் போலவோ பயணிகளோடு சேர்ந்து நடப்பார்கள், பேசிப் பழகுவார்கள். நம்பிக்கை வந்ததும் ஆளில்லாத இடத்தில் துணியால் கழுத்தை நெரித்துப் புதைத்துவிட்டு, பொருளோடு போய்விடுவார்கள். முதலில் ஏமாற்று, அப்புறம்தான் கொலை. அதனால்தான் அந்தப் பெயர்.

இவர்களை ஒடுக்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் ஸ்லீமன். தேவிக்காகவே கொல்லும் ரகசிய மதக் கூட்டம் என்று அவர் எழுதினார். பிடிபட்டவர்கள் சகுனம் பார்த்தார்கள், பவானியைக் கும்பிட்டார்கள், கொலைக்குப் பிறகு வெல்லம் படைத்துச் சாப்பிட்டார்கள். எல்லாம் அவர்களின் வாக்குமூலத்திலேயே இருக்கிறது.

அதே வாக்குமூலங்களில் இன்னொன்றும் இருக்கிறது. கூட்டத்தில் முஸ்லிம்களும் நிறையப் பேர். அவர்களில் சிலர் பவானியும் பாத்திமாவும் ஒருவரே என்று ஸ்லீமனிடம் சொல்லியிருக்கிறார்கள். தூக்கிலிருந்து தப்ப அப்ரூவர் ஆனவர்கள் சொன்னவை இவை என்பதையும் மறக்கக்கூடாது. கிம் வாக்னர் போன்ற வரலாற்று ஆய்வாளர்கள் இது பிழைப்புக்காக நடந்த கொள்ளை என்கிறார்கள். ஆயுத பூஜைக்கு லாரிக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். அதற்காக லாரி ஓட்டுவது ஒரு மதம் ஆகிவிடுமா?

ஆனால், 'மதவெறிக் கூட்டம்' என்ற முத்திரை அரசாங்கத்துக்கு வசதியாக இருந்தது. 1836ல் வந்த சட்டப்படி, யாரைக் கொன்றார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றாலே ஆயுள் தண்டனை. இதே எண்ணம் வளர்ந்து, 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டமாக வந்தது. 1911ல் சென்னை மாகாணத்துக்கும் அது நீண்டு, கள்ளர் போன்ற தமிழ்ச் சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று கைரேகை வைக்க வேண்டியதாயிற்று.

நம் பக்கத்திலும் இதன் தடம் உண்டு. தண்டனை பெற்ற தக்குகளில் பலர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அந்தக் காலத்தில் வங்காள மாகாணத்தின் ஆயுள் கைதிகளுக்கு, செய்த குற்றத்தை நெற்றியிலேயே பச்சை குத்துவார்கள். 1849ல்தான் அது நின்றது. டூபாக் தானாக விரும்பிக் குத்திக்கொண்டதை, இவர்களுக்குப் பிடித்துவைத்துக் குத்தினார்கள்.

மனிதர்கள் மேல் விழுந்த முத்திரை தெய்வத்தையும் விடவில்லை. 1984ல் வந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தில், இதயத்தைப் பிடுங்கிக் காளிக்குப் பலி கொடுப்பார் அம்ரிஷ் பூரி. திரைக்கதையை இந்திய அரசு ஏற்காததால் இலங்கையில் போய் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் நம் வீட்டுத் திரைகளில் ஓடுகிறது. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரும் பிள்ளை அதைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

கேட்டால் மழுப்பாதீர்கள். அந்தக் கொள்ளையர்கள் உண்மை, அவர்கள் செய்த கொலைகளும் உண்மை. அவர்கள் கும்பிட்டதும் உண்மைதான். கொன்றது பணத்துக்காக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் வந்து சிரித்துப் பேசி நம்பிக்கையைத் திருடும் 'டக்' இன்றைக்குக் கைத்தொலைபேசியில் அழைக்கிறான் என்பதையும்தான்.