கேள்வி – பதில்: வாங்காத கடனுக்கு வசூல் போன் வந்தால்...

செங்கம் வட்டாரத்தில் இரண்டு ஏக்கரில் நிலக்கடலை பயிரிடும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மார்கழிப் பட்டத்துக்காக வங்கியில் பயிர்க்கடன் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். இந்த நேரத்தில் அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. 2021ல் அவர் பெயரில் வாங்கிய டூவீலர் கடனில் 48,600 ரூபாய் பாக்கி இருக்கிறதாம். அன்று மாலைக்குள் 12,000 ரூபாய் அனுப்பினால் கணக்கை முடித்துக்கொள்ளலாமாம். இல்லாவிட்டால் சிபில் கெட்டுவிடும், எந்த வங்கியிலும் கடன் கிடைக்காது, நிலம் ஜப்திக்கு வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள். வாசகியின் வீட்டில் அப்படி ஒரு வண்டியே இல்லை. ஆனாலும் பயிர்க்கடன் நின்றுவிடுமோ என்று பயந்து, விதைக்கடலைக்கு எடுத்து வைத்த பணத்தில் இருந்து கட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

பதில்: கட்டக் கூடாது. என்ன கடன், யார் கொடுத்தது என்று எழுத்தில் தெரியும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

வாசகியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை வாங்கும் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் அது 4 சதவீதமாகக் குறையும். ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய். இது கிடைக்காமல் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் 24,000 ரூபாய். ஆனால் அவசரப்பட்டுக் கட்டுவதால் பயிர்க்கடன் காப்பாற்றப்படாது. பேசியவர் மோசடிக்காரர் என்றால் பணம் போய்விடும், போனும் திரும்ப வரும். உண்மையான நிறுவனம் என்றால், கட்டிய பணமே கடன் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகக் காட்டப்படலாம்.

இப்படி ஒரு போன் வருவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, முழுக்க மோசடி. இரண்டு, எங்கோ கொடுத்த ஆதார் ஜெராக்ஸை வைத்து வேறு யாரோ கடன் வாங்கியது. மூன்று, உறவுக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனது. மூன்றில் எது என்று தெரிந்துகொள்ள இரண்டு வேலைகள் செய்தால் போதும்.

முதல் வேலை, எழுத்தில் கேட்பது. கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண், தேதி, தொகை, கையெழுத்துப் போட்ட ஒப்பந்த நகல் ஆகியவற்றை அனுப்பச் சொல்ல வேண்டும். வங்கி சார்பில் வசூலுக்கு வருபவர் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது. சிறுகடன் நிறுவனமானால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். போனில் மிரட்டுபவருக்கு நிலத்தை ஜப்தி செய்யும் அதிகாரம் கிடையாது. ஆதார் எண், ஓ.டி.பி. எதையும் சொல்லக் கூடாது. அவர் அனுப்பும் லிங்கைத் தொடவும் கூடாது. பேசிய நாள், நேரம், எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது பின்னால் உதவும்.

இரண்டாவது வேலை, தன் கடன் அறிக்கையைத் தானே எடுப்பது. மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடுவது எப்படியோ, அப்படித்தான் அறிக்கை பார்க்காமல் பணம் கட்டுவதும். பலரும் 'சிபில்' என்று சொன்னாலும் இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வீட்டில் படித்த பிள்ளைகள் அந்த நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் எடுத்துத் தரலாம். ஒன்றில் இல்லாத கடன் இன்னொன்றில் இருக்கக்கூடும், அதனால் நான்கையும் பார்ப்பது நல்லது. தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

நான்கிலும் அந்தக் கடன் இல்லை, கேட்டவரும் எழுத்தில் எதுவும் தரவில்லை என்றால், அது பெரும்பாலும் மோசடிதான். சைபர் குற்றப் பிரிவின் 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பணம் அனுப்பிவிட்டவர்கள் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் இந்த எண்ணை அழைக்க வேண்டும்.

வாங்காத கடன் அறிக்கையில் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்துப்பூர்வமாக மறுப்புத் தெரிவிக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி அதன் நகலையும் இணைப்பது நல்லது. 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ளது. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. இதற்கிடையில் பயிர்க்கடன் மனு கொடுத்த வங்கி மேலாளரிடம் தானாகப் போய் புகார் நகலைக் காட்டிவிடுவது நல்லது. அறிக்கையில் அவராகப் பார்த்துக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் நம்பிக்கை இருக்கும்.

மைத்துனருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து என்று தெரியவந்தால் ஒதுங்கிவிட முடியாது. ஜாமீன்தாரருக்கும் பொறுப்பு உண்டு. பேசித் தவணை வாங்கலாம். ஆனால் குறைந்த தொகைக்குக் கணக்கை முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும், அடுத்த கடனுக்கு அது தடையாகலாம். முழுவதும் கட்டினால் 'குளோஸ்டு' என்று வரும். எப்படிக் கட்டினாலும் நிறுவனத்தின் கணக்கில்தான் கட்ட வேண்டும். ரசீதும் நிலுவையின்மைச் சான்றும் வாங்காமல் விடக் கூடாது. நீதிமன்றச் சம்மன் வந்தால் அதைத் தட்டிக் கழிக்கவே கூடாது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

இறந்த தந்தை வாங்கிய கடனை மகன் கட்ட வேண்டுமா என்று போளூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பதில்: தந்தையிடம் இருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசுக்குப் பொறுப்பு. மகன் ஜாமீன் போடவில்லை, சொத்தும் வரவில்லை என்றால் தன் சம்பாத்தியத்தில் இருந்து கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. விவரம் தெரியாமல் 'நானே கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடக் கூடாது. கடனுக்குக் காப்பீடு இருந்ததா என்றும் நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி ஆதார் ஜெராக்ஸ் யாருக்குக் கொடுத்தாலும், எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது. ஆண்டுதோறும் தைப் பொங்கல் கழிந்ததும் கடன் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். செங்கம் வாசகி அந்த 12,000 ரூபாய்க்கு முதலில் விதைக்கடலை வாங்கட்டும்.