பருந்தைப் பார்ப்பவர்கள் எலி நஞ்சையும் பார்க்கட்டும்

நியூயோர்க்கின் ஐந்தாம் அவென்யூவில், செல்வந்தர் வாழும் மாடிக் கட்டடமொன்றின் யன்னல் விளிம்பில் கூடு கட்டி வாழ்ந்தது 'பேல் மேல்' என்ற செவ்வால் பருந்து. 2004 டிசெம்பரில் அக்கூட்டைப் பிய்த்தெறிந்தார்கள். தொலைநோக்கியுடன் அதை நாள்தோறும் பார்த்து வந்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். அம்மாதமே பருந்துக்கு இடம் திரும்பக் கிடைத்தது.

அந்த வெற்றியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், கூட்டுக்கு எழுந்த குரலில் பாதியேனும் இரைக்காக எழவில்லையே! 2012இல் அதன் துணை லீமா இறந்தபோது உடலில் எலி நஞ்சு இருந்தது. மிருகக்காட்சிச்சாலையிலிருந்து தப்பி, ஓராண்டு நகரத்தை மகிழ்வித்த பிளாக்கோ என்ற ஆந்தை 2024 பெப்ரவரியில் மாண்டது. அதனுடலில் நான்கு வகை எலி நஞ்சுகள்.

குருதி உறைவதைத் தடுக்கும் இந்நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். பருந்துக்கு அதைவிட எளிய இரை ஏது? யன்னலில் நின்று பருந்தைப் படம்பிடிப்பவரின் கட்டட நிலவறையிலேயே அந்த நஞ்சுப் பெட்டியும் இருக்கக்கூடும்.

இவற்றுள் கொடியவற்றின் பாவனையைக் கலிபோர்னியா 2020இல் சட்டமியற்றிப் பெருமளவு தடுத்தது. நஞ்சின்றேல் எலி பெருகுமாம்! குப்பைப் பைகளை இரவிரவாக நடைபாதையில் குவித்து, பல்லாண்டுகள் எலிகளுக்கு விருந்திட்டதும் இதே நியூயோர்க்தானே?