மூணு ராத்திரி முழிச்சிருக்கத் தயாரா?



நம் யூனியன் கூட்டத்தில் வருஷா வருஷம் அதிகச் சத்தம் கிளம்பும் விஷயம் எது? மெஸ் சாப்பாடா? ஒர்க்‌ஷாப்பில் லேத் பத்தாததா? பஸ் பாஸா? எதுவும் இல்லை. "இந்த வருஷம் டூர் எங்கே?" என்பதுதான்! ஒரு கோஷ்டி ஊட்டி என்னும். இன்னொரு கோஷ்டி பெங்களூர் என்னும். கடைசியில் ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் உள்ள ஏதாவது ஒரு பார்க்கில் போய் முடியும். வரிசையில் நிற்கிறோம், நனைகிறோம், போட்டோ எடுக்கிறோம், பஸ்ஸில் பாட்டைப் போட்டு ஆடிக்கொண்டே திரும்பி வருகிறோம். ஜாலிதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்த ஆண்டு மலரில் நான் வேறொரு யோசனையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மூணு நாள் டூர். டிக்கெட் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும் வரை ஷோ. ஓர் ஊர் முழுக்க செட்டு. நடிப்பவர் நம் கண்ணெதிரே, கை எட்டும் தூரத்தில். இது எங்கே என்கிறீர்களா? நம்ம ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்தில்தான். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா!

"போடா மச்சான், எங்க ஊர்ல நடக்குற கூத்துக்கு நான் பஸ் புடிச்சு டூர் வரணுமா?" என்று சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். சிரித்து முடித்ததும் மேலே படியுங்கள்.

வெளிநாட்டுக்காரன் செய்தால் வியப்பு!

பிரான்ஸ் நாட்டின் மேற்கே புய் டு ஃபூ என்று ஓர் இடம். இடிந்த பழைய கோட்டை ஒன்றின் எதிரில், 1978-ல் ராத்திரி நேர வரலாற்றுக் காட்சி ஒன்றை ஆரம்பித்தார்கள். 1989-ல் அதன் பக்கத்திலேயே பகல் நேரப் பூங்காவும் வந்தது. ரோமானியர் தேரோட்டம், வைக்கிங் கொள்ளையர், குதிரைச் சண்டை என்று எல்லாமே நேரடி நடிப்பு. ராட்டினம் பெயருக்கும் இல்லை. ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாது என்பதால் ஜனங்கள் ரெண்டு நாள், மூணு நாள் தங்குகிறார்கள். எந்தக் காட்சி எத்தனை மணிக்கு, எதற்கு முன்னாலேயே போய் இடம் பிடிக்க வேண்டும் என்று வீட்டிலேயே அட்டவணை போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். 2021-ல் ஸ்பெயினிலும், டொலேடோ நகரத்துக்குப் பக்கத்தில், அதே மாதிரி பூங்கா திறந்துவிட்டார்கள். அந்த பிரான்ஸ் ராத்திரிக் காட்சியில் ஆயிரக்கணக்கில் மேடையேறுகிறவர்கள் யார் தெரியுமா? சம்பளம் வாங்காத சுற்றுவட்டார ஜனங்கள்!

ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்று இன்னொரு கிராமம். கொள்ளைநோய்க் காலத்தில் நேர்ந்துகொண்டு, 1634 முதல் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போட்டு வருகிறார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். 2020-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022-ல் நடந்தது. அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இருபது வருஷம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அப்போதுதான் வேஷம் கிடைக்கும். அதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் விமானம் ஏறி வருகிறார்கள்.

அவர்களைப் பாராட்டுவோம். ஆனால் அதே தட்டில் நம்மையும் வைத்துப் பார்ப்போம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊரில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென்றே ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பரமேசுவரவர்மன் காலத்துக் கொடை அது. பாரதத்தை ஜனங்களுக்குப் படித்துச் சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு பழையது என்று பாருங்கள்!

நம் ஊர் ஷோ

விஷயம் தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கொடியேறிய பிறகு பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார் பிரசங்கியார். ராத்திரியில் அதே கதை கூத்தாக நடக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கட்டம். எத்தனை ராத்திரி என்பது ஊர் வசதியைப் பொறுத்தது.

கடைசி நாள் காலையில் படுகளம். களத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். சில ஊர்களில் ஐம்பது அடி நீளம் கூட இருக்கும். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பின் மேலேயே ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும். திரௌபதி அவிழ்ந்த கூந்தலை முடிப்பாள். சாயந்திரம் தீமிதி. மறுநாள் தருமர் பட்டாபிஷேகம்.

செஞ்சிப் பக்கத்து திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-லும் 1991-லும் ரெண்டு தடித்த புத்தகம் எழுதினார். புரிசைக் கூத்தைப் பார்த்து அசந்துபோன ந. முத்துசாமி, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கினார். புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தனை பேருக்குத் தெரிந்த விஷயம் நம் பசங்களுக்கு 'பெருசுங்க சமாச்சாரம்' ஆகிவிட்டதே, அதுதான் என் ஆதங்கம்.

நம் எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்திலும் தர்மராஜா கோயில்களில் இதே பாரத விழா தெலுங்கில் நடக்கிறது. 1960-ல் திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு நகர்ந்தது. கதை மட்டும் ரெண்டு பக்கமும் அப்படியே நிற்கிறது. வீட்டில் தெலுங்கு பேசும் நண்பர்களுக்கும் இது சொந்தச் சொத்துதான்.

திட்டம் இதுதான்

முதல் வேலை, தேதி. சித்திரையிலும் வைகாசியிலும்தான் நம் பக்கத்தில் இந்த விழா அதிகம். ஏப்ரல் பரீட்சை முடிந்த பிறகு விழா வரும் ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம். விழா நோட்டீஸ் அடித்ததும் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் எந்த ராத்திரி எந்தக் கூத்து என்று அதிலேயே இருக்கும். அதுதான் நம் அட்டவணை.

ரெண்டாவது, எந்த நாட்கள். எல்லா நாளும் இருக்க முடியாது. என் கணக்குப்படி கடைசி மூன்று ராத்திரிகளைப் பிடிக்க வேண்டும்: அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். மூன்றாம் ராத்திரி விடிந்தால் படுகளம், சாயந்திரம் தீமிதி, அன்றைக்கே வீடு திரும்பலாம். அர்ச்சுனன் தபசு சில நாள் முன்னாலேயே முடிந்துவிடும். அது வேண்டுமென்றால் தனியாக ஒரு நாள் போய்வர வேண்டியதுதான்.

மூன்றாவது, தூக்கம். காலை பத்திலிருந்து சாயந்திரம் வரை தூங்க வேண்டும். பகலில் ஊர் சுற்றிவிட்டு ராத்திரி கூத்துக் களத்தில் குறட்டை விடுவதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டாம். விழாக் குழுவினரிடம் முன்கூட்டியே பேசினால் தங்க இடம் கிடைக்கும். மாணவிகளுக்குத் தனி இடம், கழிப்பறை, கூடவே ஆசிரியை ஒருவர் என்பதெல்லாம் முடிவான பிறகே தேதியை அறிவிக்க வேண்டும். "பொண்ணுங்களுக்கு ராத்திரி எதுக்கு?" என்று யாராவது இழுத்தால், காஞ்சிபுரத்துப் பக்கம் 2002-ல் தொடங்கிப் பல வருஷம் நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகளே வேஷம் கட்டி ஆடினார்கள் என்று சொல்லுங்கள்.

நான்காவது, பணம். டிக்கெட் இல்லை என்பதற்காக ஓசியில் பார்த்துவிட்டு வரக்கூடாது. பார்க்குக்குக் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் பாதியையாவது ஆளுக்கு ஒரு பங்காகப் போட்டு, யூனியன் பெயரில் கூத்து ஜமாவுக்குக் கையில் கொடுப்போம். பொன்னாடை வேண்டாம், பணமாகவே கொடுப்போம். ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடி ஆடுகிறவருக்கு அதுதான் மரியாதை.

நம் பாடமும் அங்கே உண்டு!

இதை 'இண்டஸ்ட்ரியல் விசிட்' கணக்கில் கூடச் சேர்க்கலாம் என்பேன். தபசு மரத்தைப் பாருங்கள். பனை உயரத்துக்கு ஒரு கம்பம், ஏறுவதற்குப் படி, உச்சியில் ஓர் ஆள் உட்காரும் பரண். அதில் பாடிக்கொண்டே ஏறுகிறார் அர்ச்சுனன். எவ்வளவு ஆழம் புதைத்தால் அது நிற்கும்? காற்றுப் பளு எவ்வளவு? சிவில் நண்பர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கட்டிக்கொண்டு ஒருவர் கிறுகிறுவென்று சுழல்கிறார். கட்டு அவிழவில்லை, கிரீடம் சாயவில்லை. மெக்கானிக்கல் பசங்களே, எப்படி என்று யோசியுங்கள். அந்தக் கண்ணாடிச் சில்லு அழகுக்காக மட்டுமா? தீப்பந்த வெளிச்சத்திலும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் பளபளத்து, கடைசி வரிசைக்கும் ராஜாவைக் காட்டிக் கொடுத்தது அதுதானே! மைக் இல்லாத காலத்தில் முகவீணையின் கீச்சுக் குரலுக்கு இணையாகப் பாடித்தான் ஊர்க்கோடி வரை கதையைக் கொண்டுபோனார்கள். எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ஒரு ராத்திரி கவனித்துக் கேட்டால் ஒரு செமினாருக்கே விஷயம் கிடைக்கும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தபசுக்குக் கூட்டம் நெரிகிறது. தீமிதிக்கு நிற்க இடம் இல்லை. எல்லார் கையிலும் செல்போன் உயர்ந்து நிற்கிறது. ஆனால் கர்ண மோட்சத்தன்று ராத்திரி ரெண்டு மணிக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? போர்வை போர்த்திய நாலு பாட்டிகள், தறி ஓட்டிவிட்டு வந்த சில அண்ணன்மார், தூங்கி விழும் குழந்தைகள். கட்டியங்காரன் ஜோக் அடித்தால் சிரிக்க ஆள் இல்லை.

அதைப் பார்க்கும் விழாக் குழுவில் ஒருவர் கேட்பார், "ஆளே இல்லாத கூத்துக்கு எதுக்குப்பா இத்தினி நாளு? ரெண்டு ராத்திரியக் கொறச்சிட்டு ஆர்கெஸ்ட்ரா வச்சா பசங்களாவது வருவாங்க." நம்மைக் காட்டித்தான் அந்த ராத்திரிகள் வெட்டப்படுகின்றன, தோழர்களே! அந்த ஜமாவுக்குக் கோடைகாலம்தான் சம்பாத்தியம். ரெண்டு ராத்திரி குறைந்தால் ரெண்டு ராத்திரிக் கூலி போச்சு. கூலி போனால் அவர் மகன் கூத்துக்கு வரமாட்டான், கம்பெனி வேனில் ஏறிவிடுவான். அவனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

நாளைக்கு நாமும் கும்மிடிப்பூண்டியிலோ ஒரகடத்திலோ வேலைக்குப் போவோம். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி நம்மிடம்தான் வசூலிப்பார்கள். அப்போது 'கூத்து வேணும்' என்று சொல்வதற்கு அதை ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்திருக்க வேண்டாமா? விடிய விடிய கர்ணனோடும் துரியோதனனோடும் விழித்திருந்தவனுக்குத்தான் படுகளத்தின் அர்த்தம் புரியும். காலை எட்டு மணிக்குப் பல் தேய்த்துவிட்டு வந்து வீடியோ எடுப்பவனுக்கு அது வெறும் மண் பொம்மை.

ஒரே ஒரு நிபந்தனை

போனால் நம் வகுப்பில் உள்ள எல்லாரும் போக வேண்டும். எல்லாரும் ஒரே பாயில் உட்கார வேண்டும், ஒரே வாசல் வழியாகக் கோயிலுக்குள் போக வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இதே திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியல் சாதி மக்கள் நுழைய எதிர்ப்பு கிளம்பி, 2023-ல் கோயிலையே பூட்டி சீல் வைக்க வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில்தான், நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு போலீஸ் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது.

கர்ண மோட்சம் எதைப் பற்றிய கூத்து? தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று கட்டிய மனைவி பொன்னுருவியே ஏளனம் செய்த ஒருவனின் கதை. அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடிந்ததும் பக்கத்துத் தெருப் பையனைக் கோயில் வாசலில் நிறுத்தினால் ராத்திரி முழுக்க விழித்திருந்து என்ன பிரயோசனம்? ஆகவே விழாக் குழுவிடம் இதை முதலிலேயே, மரியாதையாக, தெளிவாகக் கேட்போம். 'எல்லாரும் வரலாம்' என்று சொல்லும் ஊருக்கே போவோம். தயங்கும் ஊருக்கு நம் டூரும் வேண்டாம், நம் நன்கொடையும் வேண்டாம். அறுபது பேர் வருகிறார்கள் என்றால் ஒரு குழு கொஞ்சமாவது யோசிக்கும்.

யூனியன் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஊட்டி, பெங்களூரோடு இதையும் ஓட்டெடுப்புக்கு வையுங்கள். தோற்றால் பரவாயில்லை, பத்துப் பேர் கை தூக்கினால் அந்தப் பத்துப் பேரோடு கிளம்புவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு, கர்ணனுக்கு எதிரில், பத்துப் பேர் என்பது பெரிய கூட்டம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை