கொள்ளு மூட்டையும் குதிரைப்படையும்

கம்ப்யூட்டர் திரையில் போர் நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. கையில் கொஞ்சம் பொன் சேர்ந்ததும் குதிரைகளாக வாங்கிக் குவிப்பார்கள். வேகம் அதிகம், அடியும் பலம். அந்தக் குதிரைகள் புல் கேட்பதில்லை, லாடம் தேய்வதில்லை, மழையில் முதுகு புண்ணாவதில்லை. இரண்டாம் உலகப் போரை வைத்துப் பின்னாளில் வந்த சில விளையாட்டுகள் மட்டும் படைக்குச் சோறு கொண்டுபோகும் வண்டியையும் கணக்கில் சேர்த்திருக்கின்றன. லாரி வாங்க வக்கில்லாதவர் குதிரையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். நிஜத்திலும் அப்படித்தான். டாங்கிகளுக்குப் பேர்போன ஜெர்மானியப் படை 1941ல் ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது 6 லட்சம் குதிரைகளையாவது ஓட்டிச் சென்றது.

இதே ஆட்டத்தை மண்ணில் ஆடிப் பார்த்தவர் ஹைதர் அலி. களம், பாலக்காட்டுக் கணவாய்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்குக் குறையாத அகலத்தில் மலை விலகி வழிவிடும் இடம் அது. குதிரைப்படையை ஏற்ற இறக்கமில்லாமல் மலையாளக் கரைக்குள் விட அதைவிட நல்ல வாசல் கிடையாது. 1757ல் சாமூதிரியின் தொல்லை தாங்காமல் பாலக்காட்டு அரசர் உதவி கேட்டபோது ஹைதர் திண்டுக்கல்லில் மைசூரின் பௌஜ்தார். மைத்துனர் மக்தூம் அலியிடம் 2,000 குதிரை, 5,000 காலாட்கள், 5 பீரங்கிகளைக் கொடுத்து அனுப்பினார். 12 லட்சம் ரூபாய் தருவதாக சாமூதிரி ஒப்புக்கொண்டார்.

இந்த 2,000 குதிரைக்கு ஒரு கணக்குப் போடலாம். குதிரை ஒன்றுக்கு நாளைக்கு 4 கிலோ தானியம் என்றால் மொத்தம் 8,000 கிலோ. புல் தனி, தண்ணீர் தனி. பொதிமாடு ஒன்று 100 கிலோ சுமக்கும் என்று வைத்தால் தினமும் 80 மாடுகள் வந்து இறங்க வேண்டும். தானியம் கிடைக்கும் இடம் ஐந்து நாள் தொலைவு என்றால் போக ஐந்து, வர ஐந்து. 800 மாடுகள் எப்போதும் வழியில் இருக்க வேண்டும். தக்காணத்துப் படைகளின் பின்னால் லம்பாடிகளின் மாட்டு மந்தைகள் ஏன் போயின என்பது இப்போது புரியும். கணவாய்க்குக் கிழக்கே கொங்கு மேட்டுக்காட்டில் கொள்ளு விளையும். மேற்கே நெல்லும் தென்னையும் மிளகும்தான். வாசலைத் தாண்டிய குதிரை ஒவ்வொரு நாளும் தன் தீனியை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. பாலக்காட்டில் 1766ல் எழுந்த கோட்டையை அரணாக மட்டுமே பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அது வழியில் கட்டிய களஞ்சியமும்கூட.

அந்த ஆண்டே ஹைதருக்குப் பெரிய சோதனை. மலபாரைப் பிடித்துவிட்டு அவர் கோவைக்குத் திரும்பியதும், தென்மேற்குப் பருவமழையைக் கூட்டாளியாக்கிக்கொண்டு நாயர்கள் கிளர்ந்தார்கள். மழையில் குதிரைப்படை வராது என்பது அவர்கள் கணக்கு. படை வந்தது. அவரிடம் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் தெ லா தூர் எழுதிவைத்திருக்கும் காட்சி விசித்திரமானது: குதிரைகளின் சேணத்தை எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார் ஹைதர். தளபதிகளும் வெறும் முதுகில்தான் ஏறினார்கள். காலாட்களுக்கு உடுப்பு பெயரளவில்தான். நனைந்த தோல் குதிரையின் முதுகை அறுக்கும் என்பதை அறிந்தவர் செய்யும் வேலை அது.

குதிரையின் முழுப் பயனும் தெரிந்தது 1782 டிசம்பரில். சித்தூர் அருகே 7ம் தேதி ஹைதர் இறந்தார். மகன் திப்பு அப்போது பொன்னானிப் பக்கம் ஆங்கிலேயரோடு போரில் இருந்தார். சாவை மறைத்து வைத்துவிட்டு ஆள் அனுப்பினார்கள். செய்தி 11ம் தேதி கிடைத்தது. மறுநாளே திப்பு கிளம்பினார். இதற்குள் தம்பியை அரியணையில் ஏற்ற ஒரு சதியும் முளைத்துக் கருகியிருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் படை திப்புவின் கையில். கணவாய் இல்லாமல், அதில் பாயும் குதிரை இல்லாமல், இது நடந்திருக்காது. அதே திப்பு 1789 டிசம்பர் 29ல் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அகழி முன் நின்றபோது குதிரை எதற்கும் உதவவில்லை.

தெற்கே இடுக்கி எல்லையில் கதை வேறு. அங்கே வாசல் இல்லை, சுவர்தான். போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு மேட்டுக்குப் பாயும் குதிரையால் பயனில்லை. பொதி சுமக்கும் பிராணிதான் ராஜா. தேயிலைக்காரர்கள் 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடுகளை இழுக்கவிட்டார்கள். 1908ல் அது குறுகிய ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குப் பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துப் போனது.

தேனி, திண்டுக்கல் மலைகளில் ஜீப் ஏறாத ஊர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போகும் படம் தேர்தல் சமயத்தில் பத்திரிகைகளில் வரும். பொதி கட்டுவதற்கு அங்கே எந்தப் போர்க்கல்லூரியும் தேவையில்லை. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். இறக்கத்தில் மூட்டை கழுத்துப் பக்கம் சரியாமலிருக்க வாலடியில் ஒரு கயிறு. போகிற ஊரில் புல் இல்லை என்றால், சுமையில் ஒரு பங்கு அதன் தீனிக்கே.